நூற்று ஐம்பத்தாறுக்குத் தொண்ணூற்றெட்டு

எதையும் நினைக்கக் கூடாது என்று பிஜு சொல்லிவிட்டுப் போய் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்திருக்குமா, மகளுக்கு இன்று கணக்குப் பரீட்சையா அறிவியலா, காலையில் மெஸ்ஸில் தின்ற நாலு பூரி இந்நேரம் ரத்தத்தில் கலந்திருக்குமா, இந்த பெஞ்சில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியை இத்தனை வருடமாக ஒருத்தனுக்கும் அடித்து உள்ளே தள்ளத் தோன்றவில்லையா என்று வரிசையாக நினைத்து முடித்துவிட்டேன். "சேட்டா, அர மணிக்கூர் இவிடெ இருக்கணும். ஒண்ணும் சிந்திக்கண்டா, கேட்டோ" என்று மலையாளத்தில் சொன்னான் பிஜு. மெடிக்கல் ரூமில் பிரஷர் பார்க்கிற நர்சிங் அசிஸ்டன்ட், தங்கமான பையன். உட்காரச் சொன்னால் உட்காருவேன், நிற்கச் சொன்னால் நிற்பேன், ஓடச் சொன்னதற்கு நேற்று ஒரு மைல் ஓடியும் காட்டிவிட்டேன். நினைக்காமல் இரு என்பதற்கு மட்டும் எங்களுக்கு யாரும் டிரில் சொல்லிக்கொடுத்ததில்லை. பட்டாளத்தானுக்கு அதற்குத் தனியாகப் பயிற்சி வேறு வேண்டுமா என்று ஊரில் கேலி பேசுவார்கள், பேசட்டும். மூச்சை எண்ணிப் பார்த்தேன். பதினேழு வரை ஒழுங்காகப் போனது. பதினெட்டில் பிரஷர் இறங்காவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. என்ன ஆகும், சின்னமனூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். பென்ஷன் வாங்கிப் போனவர்களை மறுபடி சேர்த்துக்கொள்கிற காவல் பிரிவு இது. ராணுவ டிப்போக்களுக்கும் விமான தளங்களுக்கும் காவல் நிற்கிற வேலை. எனக்கு நாற்பத்துநான்கு வயது முடிந்து ஏழு மாதம். இந்த ஆள்சேர்ப்பை விட்டால் அடுத்ததற்குள் வயது தாண்டிவிடும். நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறுக்குள் இருக்க வேண்டியது எனக்கு நூற்று ஐம்பத்தாறுக்குத் தொண்ணூற்றெட்டு. அரை மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு தடவையில் சுருளிநாதன் உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துவிடும். இதைத்தான் நினைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

அந்த நூற்று ஐம்பத்தாறும் என்னுடையது இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. நடந்தது இதுதான். நாற்காலியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். பிஜு என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்துகொண்டு டாக்டர் மேஜர் அம்மா உள்ளே வந்தார். தோளில் மேஜருக்கான சின்னம் கண்ணில் பட்டதுதான் தெரியும், மறு விநாடி நான் எழுந்து விறைப்பாக நிற்கிறேன். கையில் பட்டை, பட்டையில் குழாய், குழாயின் மறு முனையில் மிஷின், அது மேஜையிலிருந்து கிளம்பி என் பின்னாலேயே வருகிறது. பிஜு பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் அரசாங்கச் சொத்தை உடைத்தவன் என்ற பெயரோடு பணியைத் தொடங்கியிருப்பேன். மேஜர் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். "உட்காருங்க ஹவில்தார் சாப், நான் வரும்போதெல்லாம் எழுந்தா உங்க பிரஷர் எப்படி இறங்கும்" என்று இந்தியில் சொன்னார். நான் "யெஸ் மேடம்" என்று சொல்வதற்காக மறுபடி எழுந்தேன். அதற்குள் மிஷின் தன் தீர்ப்பை எழுதிவிட்டது. வெளியே வந்து வரிசையில் இருந்தவர்களிடம் சொன்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் யோசனையாகத் தலையாட்டினார்கள். அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். நாங்கள் நாற்பத்து மூன்று பேர், எல்லாம் நாற்பதைத் தாண்டிய உருப்படிகள். நேற்றுக் காலை மைதானத்தில் எங்களைப் பார்த்திருக்க வேண்டும். வயதைக் குறைத்துக் காட்டுவதற்காக முந்தைய நாள் சாயங்காலம் ஆளாளுக்கு ரகசியமாகத் தலைக்குச் சாயம் பூசியிருந்தோம். எவனும் எவனிடமும் சொல்லவில்லை. ஓடத் தொடங்கி இரண்டாவது சுற்றில் கண்ணூர் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது சுற்றில் முன்னால் ஓடுகிறவனின் வெள்ளை பனியனில் கறுப்பு வாய்க்கால் இறங்குகிறது. அவனைப் பார்த்து நான் சிரிக்க, என் பின்னால் ஓடியவன் என்னைப் பார்த்துச் சிரிக்க, ஓட்டத்தின் கடைசியில் நாற்பத்து மூன்று பேரும் மூச்சு வாங்கியதில் ஓடியது பாதி, சிரித்தது பாதி. நிறுத்துக் கடிகாரத்தோடு நின்ற சுபேதார் "வாழ்க்கையில் முதல் தடவையாக உங்கள் எல்லாருடைய உண்மையான வயதும் எனக்குத் தெரிகிறது" என்றார். இதை நினைத்தால் பிரஷர் ஏறுமா இறங்குமா தெரியவில்லை. சிரித்தால் ஏறும் என்று யாரோ சொன்ன ஞாபகம். சிரிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

கையை மடியில் வைத்துக்கொண்டால் நல்லது. கையைப் பார்த்தால் சட்டைக் கையும் கண்ணில் படுகிறது. அதில் இப்போது ஒன்றும் இல்லை, சாதாரண நீலச் சட்டை. இனி யூனிஃபார்ம் போட்டாலும் அதில் ஒன்றும் இருக்காது. ஹவில்தாராகப் போனவன் இங்கே சிப்பாயாகத்தான் திரும்ப வர முடியும், அதுதான் விதிமுறை. சட்டைக் கையில் ஹவில்தாருக்கான மூன்று பட்டியை வாங்குவதற்கு எனக்குப் பதினான்கு வருடம் ஆனது. முதல் பட்டி வந்த அன்று தைத்துக்கொள்ளப் பொறுமையில்லாமல் ஊசியால் குத்தி ஒட்டிக்கொண்டு கேன்டீன் வரை இரண்டு தடவை காரணமே இல்லாமல் போய்வந்தவன் நான். அதெல்லாம் போகட்டும் என்று கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்றால் மனசு வலிக்க வேண்டும் இல்லையா. தேடிப் பார்க்கிறேன், அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை. சுண்டினால் லேசாக ஒரு வலி, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் ஒரு நிம்மதிகூட இருக்கிறது. ஹவில்தார் என்றால் சாயங்காலம் சாயங்காலம் ஆட்களை எண்ண வேண்டும். பத்துப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது பேர் இருந்தால் அந்தப் பத்தாவது ஆள் கழிப்பறையில் இருக்கிறானா, போன் பேசிக்கொண்டு எங்காவது அழுதுகொண்டிருக்கிறானா என்று தேடிப் போக வேண்டும். இனி என்னை யாரோ எண்ணுவார்கள். நான் நின்றால் போதும். இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி என் மச்சினன் பாண்டியராஜன் ஒரு காரியம் பண்ணிவிட்டான். சின்னமனூர் பஸ் ஸ்டாண்ட் எதிரில், கரும்பு ஜூஸ் கடைக்கு மேலே, பத்தடிக்கு எட்டடி ஃபிளெக்ஸ். அதில் மூன்று பட்டி தெரிய நான் விறைப்பாக நிற்கிறேன், பின்னால் இரண்டு போர் விமானம் பறக்கிறது, ஒரு ஓரத்தில் புலி. நான் காலாட்படை, விமானத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. புலியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மேலே கொட்டை எழுத்தில் "தாய்நாடு மீண்டும் அழைக்கிறது" என்று போட்டிருந்தான். ஜூஸ் கடைக்காரர் எனக்கு ஒரு கிளாஸ் இலவசமாகக் கொடுத்து, "பக்கத்து நாட்டோட பிரச்சினை பெருசாகுதாண்ணே, உங்களையெல்லாம் மறுபடி கூப்புடுறாகன்னா" என்று கவலையோடு கேட்டார். நான் ஒன்றும் பேசாமல் ஜூஸைக் குடித்தேன். அது ரகசியம் என்று அவர் புரிந்துகொண்டார். பிரஷர் சரியில்லை என்று நாளைக் காலையில் அந்தப் புலிக்குக் கீழே பஸ்ஸை விட்டு இறங்கினால் எப்படி இருக்கும். வேண்டாம், இது ஏறுகிற நினைப்பு, இதை விட்டுவிடலாம்.

வீட்டை நினைக்கலாம். வீடு என்றால் குளிர்ச்சி, இறங்குகிற நினைப்பு என்றுதான் தொடங்குகிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் டிரங்குப் பெட்டியோடு போய் இறங்கியபோது இனி இந்த வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை ஆயிற்று என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். வீடு அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி நாகஜோதி அங்கன்வாடி டீச்சர், இருபத்திரண்டு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள். அவளுக்கு வீடு ஒரு பொருட்டே இல்லை. கரண்ட் போனால் எந்த ஃபியூஸ் என்று அவளுக்குத் தெரியும், தண்ணீர் வராவிட்டால் யாருக்குப் போன் போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், எனக்கு உப்பு டப்பா எது என்றுகூடத் தெரியாது. சரி, எனக்குத் தெரிந்ததைச் செய்வோம் என்று மூன்றாம் நாள் அடுக்களை டப்பாக்களை உயர வரிசையில் நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். அன்று சாயங்காலம் ரசத்தில் சீரகத்துக்குப் பதில் சோம்பு விழுந்தது. நாலரை மணிக்கு எழுந்து மகள் கனிஷ்காவின் பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். முகம் தெரியுமளவுக்குப் போட்டதில் வகுப்பில் எல்லாரும் வந்து அதில் பொட்டு சரிபார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று சொல்லி அழுதாள். பாத்ரூம் கதவில் யார் எப்போது குளிப்பது என்று நேர அட்டவணை ஒட்டினேன். மறுநாள் அதற்குக் கீழே கனிஷ்காவின் பதினான்கு வயதுக் கையெழுத்தில், "ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த உத்தரவு செல்லாது, இப்படிக்கு கம்பெனி கமாண்டர் நாகஜோதி" என்று ஒரு வரி. நானும் சிரித்தேன், நாகஜோதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஏங்க, நீங்க ரொம்ப நல்லவருதான். ஆனா லீவுல வந்தா நல்லவரு." விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. ஆனால் லீவில் போகும்போதெல்லாம் தெருவில் "பட்டாளத்துக்காரர் வந்திருக்காரு" என்பார்கள், இப்போது "டீச்சர் வீட்டுக்காரர்" என்றார்கள். ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், பாண்டியராஜனின் கல்யாணத்தில்கூட. டீச்சருக்கு வீட்டுக்காரராக இருப்பது நல்ல பதவிதான். என்ன, அதில் வேலை ஒன்றும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவர்கள் இரண்டு பேரும் போன பிறகு, பெயர் எழுதிய டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து இந்தக் காவல் பிரிவுக்கு விண்ணப்பம் எழுதினேன். போஸ்ட் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்து ஒன்றும் தெரியாதவன் மாதிரி வெண்டைக்காய் நறுக்கினேன். இரண்டு மாதம் கழித்து லெட்டர் வந்தது. லெட்டர் வந்த அன்று நாகஜோதி என்னிடம் ஒன்று கேட்டாள். அதைத்தான் நினைக்கக் கூடாது. மேஜர் அம்மா, பூரி, புலி எல்லாம் சும்மா. எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் மனசு கடைசியில் அங்கேதான் போய் முட்டுகிறது. முட்டியதும் கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு துடிக்கிறது. எனக்கே கேட்கிறது என்றால் மிஷினுக்குக் கேட்காதா.

காலையில் பெய்த மழை விட்டிருந்தது. பெஞ்சுக்கு மேலே பலா மரம், நாலைந்து சொட்டு தலையில் விழுந்தது. மேலே பிஞ்சாகத் தொங்கியவற்றை எண்ணிக்கொண்டிருந்தபோது, "அண்ணாச்சி, நீங்களா" என்று ஒரு குரல். நிமிர்ந்தால் மாரிக்கனி. விளாத்திகுளத்துக்காரன், என் செக்ஷனில் சிப்பாயாக ஏழு வருடம் இருந்தவன். எனக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்தான், ஆனால் சிப்பாய்க்குப் பணிக்காலம் குறைவு என்பதால் எனக்கு நாலு வருடம் முன்னாலேயே பென்ஷன் போய்விட்டான். போனவன் இங்கே வந்து சேர்ந்து, இப்போது கையில் இரண்டு பட்டியோடு நாயக்காக நிற்கிறான். நான் எழுந்தேன். அவன் விறைத்தான். அவன் விறைத்ததைப் பார்த்து நான் விறைத்தேன். யார் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். அப்புறம் அவன்தான் "உக்காருங்க அண்ணாச்சி, பிரஷர் ஏறிரப் போவுது" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தான். மிஷினை இழுத்துக்கொண்டு எழுந்த கதை அதற்குள் கேம்ப் முழுக்கப் போயிருக்கிறது. "நீங்க உள்ள வந்துட்டா எங்க பிளட்டூன்லதான் போடுவாக. ஆளுக முன்னால சுருளின்னு பேரச் சொல்லித்தான் கூப்பிடணும், தப்பா எடுத்துக்காதீக" என்றான், ரொம்பவும் கூச்சத்தோடு. "கூப்பிடு. லேட்டா வந்தேன்னா திட்டவும் செய்" என்றேன். "அதுக்கு எனக்குத் தெம்பு இருக்கா? நீங்க திட்டுனதே இன்னும் காதுல கெடக்கு" என்றான். சிரித்தோம். டீ வாங்கி வரவா என்று எழுந்தவன், டீ குடித்தால் பிரஷர் ஏறும் என்று அவனே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தான். "அது சரி, நீங்க எதுக்கு அண்ணாச்சி வந்தீக? வீட்ல நல்லாத்தான இருந்தீக" என்று கேட்டான். "லெட்டர் வந்துச்சுப்பா. கூப்பிட்டாங்க" என்றேன். கேட்ட உடனே, யோசிக்காமல் சொன்னேன். மாரிக்கனி என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தான். "என்கிட்டயே சொல்லுதீகளா? இங்க யாரும் யாரையும் கூப்பிடுறதில்ல அண்ணாச்சி. நாமளா எழுதிப் போட்டு, நாமளா மைல் கணக்கா ஓடி, பிரஷர் ஏறிருச்சுன்னு கெஞ்சிக் கூத்தாடி உள்ள வாரோம். கூப்பிட்டாகளாம்." அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே எழுந்தான், ஸ்டோர் வரை போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகும் நான் அந்த ஆணியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, நினைத்துத் தொலைக்கிறேன். லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றேன். நாகஜோதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "ஆர்டர் வந்திருக்கு, கண்ணூர்ல போய் ரிப்போர்ட் பண்ணணும்" என்றேன். ஆர்டர் என்றுதான் சொன்னேன். அது ஆர்டர் இல்லை. "உங்கள் விண்ணப்பம் தொடர்பாக, விருப்பமிருந்தால் நேரில் வரவும்" என்று எழுதியிருந்தது. இங்கிலீஷில் இருந்தது, அவள் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. துருவுவதை நிறுத்தாமலே கேட்டாள், "போகாம இருக்க முடியாதாங்க?" அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன், "முடியாது." மேஜரைக் கண்டதும் எழுந்து நின்றேனே, அதே மாதிரிதான், என்னைக் கேட்காமல் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். கல்யாணமான முதல் லீவில் முப்பது நாள் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டாம் நாள் திரும்பக் கூப்பிட்டார்கள். அன்றைக்குக் கேட்டாள், முடியாது என்றேன், நிஜமாகவே முடியாது. தேனி போகும் வரை பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதாள், கண்டக்டர் டிக்கெட்டே கேட்கவில்லை. கனிஷ்கா பிறந்த பதினோராம் நாள் நான் கிளம்பியபோது கேட்டாள், முடியாது என்றேன். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நான் கிளம்புகிற தேதியைச் சொன்னால் காலண்டரில் சுழித்துக்கொள்வாள், முந்தின நாள் முறுக்கு சுடுவாள், பத்து நிமிடத்தில் பெட்டியை அடுக்கிவிடுவாள். இத்தனை வருடம் கழித்து இந்தத் தடவைதான் மறுபடி கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. அவள் அதோடு விட்டுவிட்டாள். தேங்காயைத் தட்டில் கொட்டினாள், "அப்பச் சரி, முறுக்கு மாவு அரைக்கணும்" என்றாள். பஸ் ஸ்டாண்டில் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினாள். ராத்திரி முழுக்க ரயிலில் நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் தெரியுமா, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா பார், தொல்லை விட்டது என்று இருக்கிறாள், லீவில் வந்தால்தான் நல்லவர் என்று சொன்னவள்தானே என்று. என்ன ஒரு புத்தி எனக்கு. அரசாங்கம் கூப்பிட்டால் அழுது பிரயோஜனமில்லை என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். இந்தத் தடவை அரசாங்கம் கூப்பிடவே இல்லை. அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி நானே வீட்டை விட்டுக் கிளம்பி வந்திருக்கிறேன். அதை அவளிடம் மறைத்து, முறுக்கு வேறு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்துநான்கு வயதில், பலா மரத்தடியில், காது சூடாகிற மாதிரி வெட்கம். இது பிரஷரை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று கவலைப்படவும் தோன்றவில்லை. இறங்கினாலும் ஏறினாலும் அவளிடம் சொல்லிவிட வேண்டும், முதலில் அதுதான். சொல்லிவிடுவது என்று ஆன பிறகு நினைப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல் போனது. பலாப் பிஞ்சை விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். பதினொன்று இருந்தது.

"சேட்டா, வரூ" என்று பிஜு கூப்பிட்டான். போனேன், உட்கார்ந்தேன், கையை நீட்டினேன். பட்டை இறுகியது, தளர்ந்தது. பிஜு மிஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இன்னொரு தடவை பட்டையைச் சுற்றினான். "நூற்று முப்பத்திரண்டு, எண்பத்துநாலு. எந்தா செய்தது சேட்டா?" என்றான். ஒன்றும் செய்யவில்லை என்றேன். முதுகில் ஒரு தட்டுத் தட்டி அடுத்த மேஜைக்கு அனுப்பினான். அங்கே ஹவில்தார் கிளார்க் ஒருவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என் படிவத்தைத் திருப்பி நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார். பத்தொன்பது வயதில் இப்படித்தான் ஒருவர் தட்டிக் காட்டினார், நான் எதையும் படிக்காமல் போட்டேன். இன்று படித்தேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில் மறுபடி பணியில் சேருகிறேன் என்று இருந்தது. அரசாங்கமே எனக்காக உண்மையை எழுதி வைத்திருக்கிறது. "ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன் சாப்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எங்கள் போனெல்லாம் கேட்டில் வாங்கி வைத்துவிட்டார்கள். ஸ்டோரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மாரிக்கனியிடம் கேட்டேன், அவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

"யாருங்க?" என்றாள் நாகஜோதி. பின்னால் அங்கன்வாடிப் பிள்ளைகள் ஏதோ பாட்டைக் கத்திக்கொண்டிருந்தன. "நான்தான். மாரிக்கனி போன்ல பேசுறேன்." "எடுத்துட்டாங்களா?" "பிரஷர் சரியாயிருச்சு. கையெழுத்துதான் பாக்கி." "அப்பப் போட வேண்டியதுதானங்க. சாப்டீங்களா?" பூரி சாப்பிட்டதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "அன்னைக்குக் கேட்டியே, போகாம இருக்க முடியாதான்னு" என்றேன். "ஆமா." "முடியும்." அந்தப் பக்கம் பாட்டு மட்டும் கேட்டது. "ஆர்டரெல்லாம் ஒண்ணும் இல்ல நாகஜோதி. யாரும் என்னையக் கூப்பிடல. நானாத்தான் எழுதிப் போட்டேன், உனக்குத் தெரியாம." "யாழு, அதை வாயில வைக்காத, கீழ வை" என்றாள். அது எனக்கில்லை. கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது, பாட்டு அமுங்கியது. வெளியே வந்து நிற்கிறாள் போல. "பிறகு எதுக்கு முடியாதுன்னீங்க?" "வாயில வந்துருச்சு. பழக்கம்." "நல்லாருக்குங்க உங்க பழக்கம். நான் விடிய விடிய முறுக்குச் சுட்டேன்." "கோவமா?" "கோவம் இல்லாமயா. வயிறு எரியுது. நேர்ல இருந்தா இன்னும் நல்லாச் சொல்லுவேன்." குரல் கரகரவென்று இருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டேன் என்றேன். "வேலை இல்லைன்னு யார் சொன்னா? வீட்ல இருக்கிறதுக்கு யாராச்சும் வேலை கேப்பாங்களா?" என்றாள். அவளே தொடர்ந்து கேட்டாள், "இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?" "கையெழுத்துப் போடவா, வீட்டுக்கு வரவா? நீ சொல்லு. நீ சொல்றபடி செய்றேன்." "நானா?" "நீதான்." லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது. "பதினேழு வருசமா போற தேதியச் சொல்லிருக்கீங்க, வர்ற தேதியச் சொல்லிருக்கீங்க" என்றாள் மெதுவாக. "போகவா வேண்டாமான்னு என்கிட்ட ஒரு நா கேட்டதில்ல. கேட்ட உடனே நான் சொல்லிரணுமாக்கும்?" "கிளார்க் காத்துக்கிட்டு இருக்காரும்மா." "இருக்கட்டும். நான் இருக்கலையா? பிள்ளைகளுக்குச் சோறு போட்டுட்டு, நிதானமா யோசிச்சுச் சொல்றேன். போனைக் கையிலயே வச்சிருங்க." வைத்துவிட்டாள்.

போனை எப்போது திருப்பிக் கொடுப்பேன் என்று தெரியாது என்றேன். "இருக்கட்டும் அண்ணாச்சி" என்றான் மாரிக்கனி. கிளார்க் முன்னால் போய் நின்றேன். அவர் பேனாவை நீட்டினார். வாங்கவில்லை. "வீட்ல யோசிச்சுக்கிட்டு இருக்காங்க சாப்" என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். தெரியாது சாப், இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரை முன்னால் போகச் சொல்லி வழி விட்டேன்.